நள்ளிரவு நாகபுரி

தில்லியிலே உத்தியோக நிமித்தமாகக் குடியேறிய நம்மவரிடம், "உங்கள் ஊர் எவ்வளவு தூரம்?" என்று அந்நாளில் எவரேனும் கேட்டால் மைல் கணக்கில் விடை வராது. "இரண்டு இரவு" என்றுதான் சொல்வார்கள். கிராண்டு டிரங்கு எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தால், ஏறத்தாழ 2,200 கிலோமீட்டரைக் கடந்து சென்னை சென்டிரலில் இறங்கும்போது, சட்டை எந்த நிறத்தில் இருந்தது என்பது உடுத்தியவருக்கே மறந்து போயிருக்கும். கரித்தூள் அப்படி. புளியோதரைப் பொட்டலமும் மண் கூஜாவும் இத்தார்சிக்குள் காலியாகிவிடும். நாகபுரியில் ஆரஞ்சு, பெஜவாடா வந்ததும் காபி என்று சொல்லத்தக்க காபி. அதன் பிறகுதான் மனத்தில் ஊர் வந்துவிட்டது என்ற தெம்பு உண்டாகும்.

இந்த இரண்டு இரவை ஒரே இரவாகச் சுருக்கிய மார்க்கம் ஒன்று இருந்தது. நம் சங்கத்து முதியவர்களில் சிலருக்கு நினைவிருக்கும். இளைஞர் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். இரவு விமானத் தபால் சேவை என்பது அதன் பெயர். சென்ற விடுமுறைக்கு என் பேத்தி தில்லியிலிருந்து சென்னைக்கு மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தாள். "வழியில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டேன். "ஜன்னல் மூடியை இறக்கிவிட்டுத் தூங்கினேன், தாத்தா" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். முப்பத்தையாயிரம் அடிக்கு மேலே தூங்குவதைத் தவிரச் செய்வதற்கு என்ன இருக்கிறது? ஆயினும் நான் முதன்முதலில் பறந்த இரவை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவளுக்குக் கைப்பேசியில் அழைப்பு வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டில் விமானப் போக்குவரத்தே கடிதத்தை முன்னிட்டு வளர்ந்ததுதான். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி, ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, 'புஸ் மாத்' என்னும் ஒற்றை இயந்திரச் சிறு விமானத்தைத் தாமே ஓட்டி, அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பல்லாரி வழியாகச் சென்னைக்கு அம்மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆகவே, அந்த முதல் பயணத்தின் கடைசி நிலையம் நம் சென்னைதான். மனிதரை ஏற்றிச் செல்வது அதன் பிறகு வந்த வியாபாரம்.

யுத்தம் முடிந்ததும் 'டகோட்டா' விமானங்கள் மலிந்தன. டக்ளஸ் கம்பெனியார் 1935-இல் முதலில் பறக்கவிட்ட வகை அது. யுத்தத்துக்காக ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு, யுத்தம் ஓய்ந்தபின் உபரியாக நின்றவற்றை இங்குள்ள தனியார் கம்பெனிகள் வாங்கிப் பறக்கவிட்டன. விமானம் மலிவாகக் கிடைத்தது. ஓட்டுவதற்கு யுத்தத்தில் பழகியவர்கள் இருந்தார்கள். ஏறுவதற்கு மட்டும் போதிய ஜனங்கள் இல்லை. அப்போது மத்திய சர்க்காரில் தபால் தந்தி முதலிய செய்திப் போக்குவரத்துத் துறை மந்திரியாக இருந்தவர் ரபி அகமது கித்வாய். பகலெல்லாம் கச்சேரிகளில் எழுதப்படும் கடிதம் இரவெல்லாம் பறந்து மறுநாள் காலையில் வேறு நகரத்தில் பட்டுவாடா ஆகவேண்டும் என்பது ஏற்பாடு. 1949-ஆம் ஆண்டு ஜனவரியில் அது தொடங்கிற்று. அதே ஆண்டு ஏப்ரல் முதல், உள்நாட்டுக் கடிதங்களுக்கு விமானத்துக்கென்று தனிக் கட்டணம் வேண்டியதில்லை என்றும் ஆயிற்று. கும்பகோணத்துத் தெருவிலே ஒரு பாட்டி வெற்றிலை பாக்கு வாங்கியது போக மிஞ்சிய காசில் உறை வாங்கிப் போட்டாலும், அது ஆகாய மார்க்கமாகத்தான் தில்லிக்கு வந்தது.

ஏற்பாட்டின் சூட்சுமம் நாகபுரியில் இருந்தது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் முன்னிரவில் ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நள்ளிரவையொட்டி நாகபுரி சோனேகாவ் விமான நிலையத்தில் வந்து கூடும். தபால் மூட்டைகளும் பிரயாணிகளும் விமானம் மாறுவார்கள். பிறகு ஒவ்வொரு விமானமும் தான் வந்த ஊருக்கே திரும்பி, விடியற்காலையில் போய் இறங்கும். எண்ணிப் பார்த்தால் இதன் சிக்கனம் விளங்கும். நான்கு நகரங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கு ஆறு மார்க்கங்கள் வேண்டும். நான்கே விமானங்கள் ஆறு மார்க்கங்களின் வேலையையும் செய்தன. ஓட்டுபவர் விடிவதற்குள் தம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அமெரிக்காவில் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் கம்பெனியார் மெம்பிஸ் நகரை நடுவாக வைத்து இதே முறையில் இரவுப் பார்சல்களை அனுப்பத் தொடங்கியது 1973-இல்தான். நம்மவர்கள் இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னரே செய்த காரியம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு, மறைப்பானேன்?

குறையும் அதிலேயே இருந்தது. நான்கில் ஒன்று தாமதித்தால் மற்ற மூன்றும் காத்திருக்க வேண்டும்.

1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல், கச்சேரிக்கே எனக்குத் தந்தி வந்தது. அப்பாவுக்கு உடம்பு மிகவும் மோசம், உடனே புறப்படு என்று தமையனார் அடித்திருந்தார். எனக்கு அப்போது வயது இருபத்துநான்கு. கரோல்பாகில் ஓர் அறையை மூவராகப் பகிர்ந்து வாழ்ந்தோம். இரண்டு இரவு ரயிலில் போனால் அப்பாவைப் பார்க்க முடியாது என்று ஏனோ தீர்மானமாகத் தோன்றிவிட்டது. மேல் அதிகாரி ஒரு வங்காளி. லீவு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டதோடு, கேளாமலே ஐம்பது ரூபாயையும் மேஜைமேல் வைத்தார். அறைத் தோழர்கள் இருவரும் மாதக் கடைசிப் பணத்தைத் திரட்டினார்கள். தெருக்கோடியில் இருந்த தஞ்சாவூர் மாமி, யாரிடம் கேள்விப்பட்டாரோ, எலுமிச்சஞ்சாதப் பொட்டலத்தோடு வந்து நின்றார். இப்படியாக நான் பாலம் விமான நிலையத்தை அடைந்தபோது இரவு ஒன்பது மணி இருக்கும்.

அன்றைய விமானம் 'ஸ்கைமாஸ்டர்'. டகோட்டாவுக்கு இரண்டு இயந்திரம், இதற்கு நான்கு. டகோட்டாவின் வால் தரையைத் தொட்டு நிற்குமாதலால் உள்ளே மலையேறுவதுபோல் நடந்து போகவேண்டும். இது சமதளமாக நிற்கும். இயந்திரங்களைக் கிளப்புவதே ஒரு வைபவம். முதலில் ஒரு சுழல்விசிறி தயங்கித் தயங்கித் திரும்பும். நாள்பட்ட காசநோயாளியைப் போல இயந்திரம் இரண்டு முறை இருமி வெண்புகையைக் கக்கும். பிறகு திடீரென்று பற்றிக்கொண்டு முழங்கும். நான்கும் இவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக. ஓடுபாதையின் கோடியில் நிறுத்தி, ஒவ்வொன்றாக முடுக்கிச் சோதிப்பார்கள்; விமானம் முழுவதும் நடுங்கும். காலின் கீழ் தரை அதிரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சாபிப் பெரியவர் கண்ணை மூடி ஜபிக்க ஆரம்பித்தார். நானும் எங்களூர்ச் சாமிகளை வரிசையாகக் கூப்பிட்டேன்.

பறக்கத் தொடங்கியதும் ஜன்னல் வழியே பார்த்தவன் திடுக்கிட்டேன். இயந்திரத்தின் புகைபோக்கியிலிருந்து நீலச் சுவாலை ஓடிக்கொண்டிருந்தது. தீப்பிடித்துவிட்டது என்றே எண்ணினேன். பஞ்சாபியர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, "எப்போதும் இப்படித்தான்" என்று சைகை செய்தார். பகலிலும் அந்த நெருப்பு உண்டாம். இருளில்தான் கண்ணுக்குத் தெரியும். பணிப்பெண் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் கொண்டுவந்தாள். உள்ளே காற்றழுத்தத்தை நிலைநிறுத்தும் ஏற்பாடு இவ்வகை விமானங்களில் இல்லை. ஆகையால் எட்டாயிரம், பத்தாயிரம் அடிக்குமேல் ஏறுவது துர்லபம். மழைக்கால மேகத்தின் தலைக்குமேல் செல்ல முடியாது. அதன் வயிற்றுக்குள் புகுந்துதான் வெளிவர வேண்டும். நர்மதையைக் கடந்திருப்போமோ என்னவோ, ஒரு மேகத்துக்குள் விமானம் கிணற்றில் விழுந்த வாளிபோல் இறங்கி மீண்டும் ஏறிற்று. எலுமிச்சஞ்சாதத்தைத் தொட மனம் வரவில்லை.

'அந்தக் காலத்து விமானப் பிரயாணம் சொர்க்கம்' என்று சிலர் எழுதுகிறார்கள். சௌகரியத்தை வைத்துச் சொல்வதானால் அது முழுப்பொய். காது இரண்டு நாளைக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் நாற்றம் உடுப்பைவிட்டுப் போகாது. அபாயமும் இருந்தது. 1953-ஆம் ஆண்டு டிசம்பரில், இதே நாகபுரியிலிருந்து சென்னைக்கு இரவில் எழும்பிய டகோட்டா ஒன்று, எழும்பியவுடனே இயந்திரம் கெட்டு விழுந்து நொறுங்கியது. பதின்மூன்று பேர் மாண்டனர். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே ஓடுபாதையில் நான் இறங்கியபோது அச்செய்தி நினைவுக்கு வராமலில்லை.

நாகபுரியின் விளக்குகள் கீழே தெரிந்தபோது மணி ஒன்றாகியிருந்தது.

அன்பர்களே, அந்தக் கூடத்தை நான் எப்படி வருணிப்பேன்! சிறிய கட்டடம். வெளியே மழைத் தூறல். ஊர் முழுவதும் உறங்கும் வேளையில், அங்கே மட்டும் கல்யாண வீட்டின் முதல்நாள் இரவுபோல் விளக்கும் பேச்சும் தேநீர் மணமும். தில்லி விமானத்தில் வந்த நாங்கள், பம்பாய் விமானத்தார், சென்னையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் விழித்திருந்தோம். குஜராத்தியும் வங்காளியும் மராத்தியும் காதில் விழுந்துகொண்டிருந்த நடுவே, "ஏண்டாப்பா, மெட்ராசுக்குப் போறது எது? ஏறி உக்காந்தப்புறம் கல்கத்தான்னு சொல்லிடப் போறா!" என்று ஒரு தமிழ்க்குரல் எழுந்தது. மாதுங்காவிலிருந்து மகளின் பிரசவத்துக்குச் சென்னை போகும் அம்மையார். அவர் குரலைக் கேட்டு மூலைக்கொருவராக நாலைந்து தமிழர் எழுந்து வந்துவிட்டோம். ஐந்து நிமிஷத்தில் யார் எந்த ஊர், எந்தத் தெரு, யாருக்கு யார் உறவு என்பதெல்லாம் வெளிவந்துவிட்டன. சென்னையிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பிலாயில் உத்தியோகம் ஏற்கப் போகிறவர். ஊரைவிட்டு வந்து நான்கு மணி நேரங்கூட ஆகவில்லை, அதற்குள் கண் கலங்கியிருந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்தேன். தஞ்சாவூர் மாமியின் எலுமிச்சஞ்சாதம் நாகபுரியில் ஐந்து பேர் பசியைத் தீர்த்தது.

கல்கத்தா விமானம் வரவில்லை. வழியில் மோசமான வானிலை என்றார்கள். ஒன்றரை ஆயிற்று, இரண்டாயிற்று. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. கும்பகோணத்தில் அப்பா எப்படி இருக்கிறாரோ! கல்கத்தாவிலிருந்து எவரோ எவருக்கோ எழுதிய வியாபாரக் கடிதங்களுக்காக நான் இங்கே காத்துக்கிடக்க வேண்டுமா என்று ஆத்திரம் பொங்கிற்று. பொறுப்பில் இருந்த அதிகாரியிடம் போய்த் தந்தியைக் காட்டினேன். அவர் அதை முழுவதும் படித்தார். பிறகு தணிந்த குரலில், "அந்த மூட்டைகளிலும் இதுபோல இருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தப் பதில் தாங்காமல் வெளித் தாழ்வாரத்தில் வந்து நின்றேன். விமானங்கள் மூன்றும் மழையில் நனைந்துகொண்டு நின்றன. தபால்காரர்கள் கித்தான் மூட்டைகளைத் தள்ளுவண்டிகளில் ஏற்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கொண்டுபோனார்கள். சென்னை விமானத்திலிருந்து இறக்கிய மூட்டைகள் என் முன்னாலேயே சென்றன. ஒரு வண்டி தில்லி விமானத்தை நோக்கிப் போயிற்று. தள்ளியவன் என்னை ஒதுங்கச் சொன்னான். ஒதுங்கினேன்.

இரண்டரை மணிக்குக் கிழக்கு வானத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. கல்கத்தா விமானம் இறங்கிற்று. கூடத்திலிருந்தவர்களெல்லாம் தத்தம் சுற்றத்தாரே வந்துவிட்டதுபோல் எழுந்து நின்றார்கள். மூன்றேகாலுக்குச் சென்னை விமானத்தில் ஏறினோம். மாதுங்கா அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டே படியேறினார்.

அதற்குப் பிந்திய கதையை விரைவில் சொல்லிவிடலாம். 1957-லேயே 'வைகவுண்ட்' விமானங்கள் வந்திருந்தன. அவற்றிலும் சுழல்விசிறிகளே, ஆனால் சுழற்றுவது டர்பைன். அகன்ற முட்டைவடிவ ஜன்னல், நடுக்கம் குறைவு, காதுக்குப் பஞ்சு வேண்டாம். நான் பின்னாளில் மனைவி மக்களோடு அதில் போயிருக்கிறேன். மிக நல்ல விமானம். 1964-இல் 'காரவெல்' ஜெட் வந்தது, எழுபதுகளில் போயிங் 737 வந்தது. இரவெல்லாம் நாகபுரியில் கூடிக் கலைய வேண்டிய அவசியம் குறைந்து, எழுபதுகளின் முற்பகுதியில் அந்தச் சேவை நின்றுபோயிற்று. தந்தியும் 2013-இல் நின்றது. சோனேகாவ் நிலையம் இன்று டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் பெயரில் சர்வதேச விமான நிலையமாக விளங்குகிறது. பழுதுபார்க்கப்பட்ட டகோட்டா ஒன்றை 'பரசுராமா' என்ற பெயருடன் 2018-இல் நம் விமானப்படை ஏற்றது. 2021 குடியரசு தின அணிவகுப்பில் அது பறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது ஒலியைக் கூட்டி வைக்கச் சொன்னேன். வர்ணனையாளரின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

விமானங்களின் கதை அது. என் கதைக்கு வருகிறேன்.

விடிந்தபோது விமானம் ஆந்திரக் கடற்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தாழப் பறந்ததால் வயல் வரப்புகளும் ஏரிகளும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பனைமரங்களின் நிழல் கிழக்கு வெயிலில் நீண்டு கிடந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கியபோது, மழையில்லாத அந்த ஈரக்காற்று முகத்தில் பட்டதும் கால் தானாக விரைந்தது. எழும்பூரில் கிடைத்த முதல் வண்டியில் ஏறி, விளக்கேற்றும் நேரத்துக்குக் கும்பகோணம் வீட்டுத் திண்ணையை மிதித்தேன்.

அப்பாவுக்கு நினைவு இருந்தது. அம்மா என்னை அருகே உட்கார வைத்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் கடுதாசு வந்ததா?" என்று கேட்டார். எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. நோயாளி மனம் வருந்தக்கூடாதென்று, "வந்தது, அப்பா" என்றேன்.

"பின்னே ஏன் வந்தே?" என்றார்.

காய்ச்சலின் வேகத்தில் ஏதோ பிதற்றுகிறார் என்று எண்ணினேன். தமையனாரும் அப்படியே எண்ணினார். வெள்ளிக்கிழமை வைகறையில் அப்பா காலமானார்.

காரியங்களெல்லாம் முடித்துக்கொண்டு நான் ஜி. டி.யில்தான் திரும்பினேன். விமானத்துக்குப் பணமில்லை, அவசரமும் இல்லை. கரோல்பாக் அறையில் என் தலையணைக்கடியில் தோழர்கள் ஓர் இன்லண்டு கடிதத்தை எடுத்து வைத்திருந்தார்கள். அப்பாவின் கையெழுத்து, வரிகள் ஒருபுறம் சரிந்திருந்தன. கும்பகோணத்தில் திங்கட்கிழமை முத்திரை. கரோல்பாகில் புதன்கிழமை முத்திரை. திங்கள் இரவு ரயிலில் சென்னைக்குச் சென்று, செவ்வாய் இரவு விமானமேறி, நாகபுரியில் மாறி, புதன் காலை தில்லியை அடைந்திருக்கிறது. நான் அந்தத் தாழ்வாரத்தில் ஒதுங்கி வழிவிட்டது அதற்குத்தான்.

உடம்பு இன்று சிறிது தேவலை என்று எழுதியிருந்தார். அண்ணன் தந்தியடிக்கப் போவதாகச் சொல்கிறான்; அடித்தாலும் நீ பதறிக்கொண்டு வரவேண்டாம். ஆகாய விமானத்தில் பணத்தைக் கொட்டாதே. தீபாவளிக்கு ரயிலில் நிதானமாக வா. வரும்போது அவ்விடத்துக் கம்பளி ஒன்று, சாம்பல் நிறமாக, கனம் குறைந்ததாகப் பார்த்து வாங்கி வா. மார்கழிக் குளிர் முன்போல் தாங்கவில்லை.

தீபாவளிக்கு முன்பு சாந்தினி சௌக்கில் அந்தக் கம்பளியை வாங்கினேன். அம்மா அதைப் பதினாறு மார்கழிகள் போர்த்திக்கொண்டாள்.